காலியாகாத சந்தை: ஹாங்காங் பறவைக் காய்ச்சல், 1997

பின்னணி

1997இல் ஹாங்காங் வீடுகளில் நல்ல கோழி என்றால் அன்று காலைவரை உயிரோடு இருந்த கோழிதான். உறைய வைத்த கோழியும் கடைகளில் கிடைத்தது. ஆனால் பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் அதைச் சமைத்துப் போட யாருக்கும் மனம் வராது. சந்தைக்குப் போய், கூண்டிலிருந்து ஒரு கோழியை எடுத்து, நெஞ்சை அழுத்திப் பார்ப்பார்கள். அப்புறம் வால்பக்கத்து இறகை வாயால் ஊதி விலக்கி, உள்ளே தோல் எப்படி இருக்கிறது என்று சோதிப்பார்கள். பிடித்திருந்தால் கடைக்காரர் அங்கேயே அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பறிக்கும் எந்திரத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார். நம் ஊர்க் கோழிக்கடைகளைப் பார்த்தவர்களுக்கு, அந்த ஊதலைத் தவிர இதில் புதிதாக எதுவும் இல்லை.

ஊருக்குள் சுமார் 160 கோழிப் பண்ணைகள் இருந்தன. கோழி விற்கும் கடைகள் ஏறத்தாழ 1,000. ஆனாலும் தேவையில் ஐந்தில் நான்கு பங்கு சீனப் பெருநிலத்திலிருந்து லாரியில் வந்தது. லாரிகள் எல்லை தாண்டி சியுங் ஷா வான் மொத்தச் சந்தைக்குப் போகும். அங்கிருந்து சில்லறைக் கடைகளுக்குப் பிரியும். கடைகளில் கோழி, வாத்து, கூஸ் வாத்து, காடை, புறா எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கூண்டுகளில் இருக்கும். மேல்கூண்டின் எச்சம் கீழ்க்கூண்டில் விழும். மரக்கூண்டுகளின் இடுக்கில் ஒட்டியதைச் சுரண்டி எடுப்பது நடக்கிற காரியமில்லை.

இந்த நிகழ்வில் முக்கியமான விவரம் ஒன்று அன்று யார் கண்ணையும் உறுத்தவில்லை. மாலையில் விற்காமல் மிஞ்சிய பறவைகள் கூண்டிலேயே இரவைக் கழிக்கும், விடியற்காலையில் புதுச் சரக்கு வந்து அவற்றோடு சேரும். தரையைத் தினமும் கழுவினார்கள். ஆனால் சந்தை முழுவதும் பறவையே இல்லாமல் இருந்த ஒரு நாள்கூட ஆண்டில் இல்லை.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை

மார்ச் இறுதியில் வடமேற்கே யுவென் லாங் வட்டாரத்தில் ஒரு பண்ணையில் கோழிகள் செத்து விழ ஆரம்பித்தன. மே மாதத்துக்குள் மூன்று பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் செத்துவிட்டன. கண்டறியப்பட்டது எச்5என்1 என்ற இன்ஃப்ளூயன்சா வைரஸ். கோழி வளர்ப்பவருக்கு இதைவிடக் கெட்ட செய்தி இருக்க முடியாது. ஆனால் மனிதருக்கு இது தொற்றியதாக அதுவரை உலகில் எங்கும் பதிவு இல்லை. அதனால் விஷயம் கால்நடைத் துறைக் கோப்பிலேயே நின்றுவிட்டது.

மே 9 அன்று 3 வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் இருமலும் கண்டன. ஆறு நாள் கழித்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். நிமோனியா வந்தது, பிறகு நுரையீரல் செயலிழந்தது. மே 21 அன்று இறந்துபோனான்.

அவன் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த சளியில் இன்ஃப்ளூயன்சா ஏ வகை வைரஸ் வளர்ந்தது. அந்த ஊர் ஆய்வகத்தில் இருந்தவை வழக்கமான மனித வகைகளைப் பிரித்தறியும் பரிசோதனைப் பொருட்கள்தான். அவற்றில் எதுவும் இந்த வைரஸோடு ஒத்துப்போகவில்லை. ஆய்வகக்காரர்கள் அதை ஓரமாக வைத்துவிடாமல் அட்லாண்டா, லண்டன், ராட்டர்டாம் ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முதல் நல்ல முடிவு அதுதான் என்பேன்.

பதில் ஆகஸ்டில் வந்தது. எச்5என்1. எட்டு மரபணுத் துண்டுகளும் பறவை வைரஸுக்கு உரியவை. பறவை வைரஸ் நேராக மனிதருக்கு வந்துவிடாது, நடுவில் பன்றி போன்ற ஒரு விலங்கின் உடலில் மனித வைரஸோடு கலந்து மாறித்தான் வரும் என்றே அதுவரை பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். இந்தச் சிறுவனின் வைரஸில் எந்தக் கலப்பும் இல்லை.

முதலில் எழுந்த சந்தேகம், ஆய்வகத்திலேயே ஏதாவது மாதிரி கலந்துவிட்டதோ என்பது. வெளியிலிருந்து வந்த குழு ஆய்வகத்தின் நடைமுறைகளைப் பார்த்து அந்தச் சந்தேகத்தைத் தள்ளியது. அடுத்து, சிறுவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். அவன் போன மழலையர் பள்ளியில் பிள்ளைகள் பார்ப்பதற்காகக் கோழிக்குஞ்சுகளும் வாத்துக்குஞ்சுகளும் வளர்த்திருந்தார்கள். அவற்றில் சில செத்தும் இருந்தன. ஆனால் அவைதான் காரணம் என்று நிறுவ முடியவில்லை. அவனைச் சுற்றி இருந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். வைரஸ் வந்துபோனதைக் காட்டும் ஆன்டிபாடி ஒரு சிலரிடமே தென்பட்டது, முக்கியமாகப் பறவைகளோடு வேலை செய்பவர்களிடம். வேறு நோயாளிகள் இல்லை. எங்கோ தவறி நடந்த ஒன்று என்று விட்டுவிடலாம் போலத்தான் இருந்தது.

நவம்பரும் டிசம்பரும்

நவம்பர் 6 அன்று, ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்த 2 வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் வைரஸ் எச்5என்1. எச்5 வகையைக் காட்டும் பரிசோதனைப் பொருட்கள் இதற்குள் கைவசம் வந்திருந்ததால் பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் வரிசையாக வந்தார்கள். 13 வயதுப் பெண், 54 வயது ஆண், இன்னும் பலர். டிசம்பர் முடியும்போது மே மாதச் சிறுவனையும் சேர்த்து நோயாளிகள் 18 பேர். வயது 1 முதல் 60 வரை. அவர்களில் 6 பேர் இறந்தார்கள். நோயாளிகள் ஊரின் வெவ்வேறு மூலைகளில் இருந்தார்கள், பெரும்பாலோருக்கு ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியிருந்தால் இப்படி இருக்காது. எல்லோரும் தனித்தனியாக ஒரே ஊற்றைத் தொட்டு வந்ததுபோல இருந்தது.

அந்த ஊற்று எது? டிசம்பரில் சந்தைக் கூண்டுகளிலிருந்து மாதிரி எடுத்தபோது, கோழிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிடம் எச்5என்1 இருந்தது. வாத்துகளிலும் கூஸ் வாத்துகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான்.

ஐந்தில் ஒரு கோழிக்கு இருந்தும் சந்தையில் சாவு கண்ணில் படவில்லை என்பதுதான் விசித்திரம். பண்ணையில் புகுந்தால் கூட்டத்தோடு கொல்கிற வைரஸ் இது. காரணம் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வகச் சோதனைகளில் தெரிந்தது. சந்தைக் கோழிகளிடையே எச்9என்2 என்ற சாதுவான வைரஸ் ஒன்றும் சுற்றிக்கொண்டிருந்தது. அது முன்பே வந்துபோன கோழிக்கு எச்5என்1 தொற்றினால் கோழி சாவதில்லை. ஆனால் எச்சத்தில் வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதாவது வாங்குபவர் தேர்ந்தெடுத்து, தூக்கிப் பார்த்து, ஊதிப் பார்த்து எடுத்த கொழுத்த கோழியிலும் நோய் இருந்திருக்கலாம்.

நோயுற்றவர்களில் 15 பேரை, அதே வயதும் அதே பகுதியும் சேர்ந்த நோயற்ற 41 பேரோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. நோய் வருவதற்கு முந்தைய வாரத்தில் உயிர்ப்பறவை விற்கும் இடத்துக்குப் போய் வந்தவர்கள் நோயாளிகளில் 64 சதவீதம், மற்றவர்களில் 29 சதவீதம். கோழி சாப்பிட்டதிலும் சமைத்ததிலும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மக்களின் பயத்தைத் தணிக்க, தாமும் தினமும் கோழி சாப்பிடுவதாகச் சுகாதாரத் துறையின் தலைமை அதிகாரி அந்த நாட்களில் சொன்னார். அதற்காகப் பின்னால் நிறையத் திட்டு வாங்கினார். பார்க்கப்போனால் அவர் சொன்னதில் பிழையில்லை, நன்றாக வெந்த கறியில் இந்த வைரஸ் பிழைக்காது. ஆனால் ஆபத்து தட்டில் இல்லை, கூண்டருகில் இருந்தது. சாப்பிடலாமா என்ற கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டு, தொடலாமா என்ற கேள்வியை விட்டுவிட்டார்கள்.

டிசம்பர் 28: முடிவு

டிசம்பர் 24 அன்று பெருநிலத்திலிருந்து உயிர்க்கோழி வருவதை நிறுத்தினார்கள். அந்த வாரமே சியுங் ஷா வான் மொத்தச் சந்தையிலும் ஓர் உள்ளூர்ப் பண்ணையிலும் நோய் இருப்பது தெரிந்தது. வெளியிலிருந்து வருவதை அடைத்தால் போதும் என்ற கணக்கு அத்தோடு முடிந்தது.

நோயுள்ள கடைகளை மட்டும் மூடலாம் என்றால், ஐந்தில் ஒரு கோழி, அதுவும் பார்வைக்கு நலமான கோழி நோயைச் சுமக்கும்போது எந்தக் கடையை விடுவது? ஒவ்வொரு கோழியையும் சோதிக்க ஆளுமில்லை, நேரமுமில்லை. மனிதருக்குத் தடுப்பூசி இல்லை. இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிக்கான வைரஸைக் கரு உள்ள கோழி முட்டையில்தான் வளர்ப்பார்கள், இந்த வைரஸோ கருவையே கொன்றுவிடும்.

நேரத்தைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. ஹாங்காங்கில் வழக்கமான மனித ஃப்ளூ ஆண்டின் முதல் மாதங்களில்தான் உச்சத்துக்குப் போகும். ஒரே ஆளுக்கு இரண்டும் ஒன்றாக வந்தால், கோழி வைரஸின் கொடுமையும் மனித வைரஸின் பரவும் திறனும் ஒரே உடலில் கலக்க வாய்ப்புண்டு. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது அப்போதைக்கு அரிதாக இருந்தது, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனை ஊழியர்கள் 217 பேரில் 8 பேரிடம் ஆன்டிபாடி இருந்தது. கவனிக்காத 309 பேரில் அது 2 பேரிடம்தான்.

டிசம்பர் 28 அன்று அறிவித்தார்கள்: ஊரில் உள்ள எல்லாக் கோழிகளையும் கொல்வது, அவற்றோடு சேர்த்து வைக்கப்பட்ட மற்றப் பறவைகளையும் கொல்வது. உரிமையாளர்களுக்கு இழப்பீடு உண்டு. பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறி ஆறே மாதம் ஆன நிர்வாகத்துக்கு இது சின்ன முடிவில்லை. சீனப் புத்தாண்டுக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது.

கொன்ற நாட்கள்

29ஆம் தேதி வேலை தொடங்கியது. வேகமாக முடித்துவிடலாம் என்று நினைத்தார்கள், நடக்கவில்லை. இறங்கியவர்களில் பலர் அதற்குமுன் கோழியைக் கையில் பிடித்தே இராத அரசு ஊழியர்கள். கரியமில வாயு செலுத்திக் கொன்று, பைகளில் கட்டி, குப்பைக் கிடங்குகளில் புதைப்பது திட்டம். பைகள் அள்ளப்படாமல் சில இடங்களில் தங்கிப்போயின. தெருநாய்கள் பைகளைக் கிழித்தன. சாகாத கோழிகள் சில பைக்குள் நெளிந்தன. உலகத் தொலைக்காட்சிகள் இதைத்தான் காட்டின.

மொத்தம் சுமார் 15 லட்சம் பறவைகள். பின்னர் செய்த இரத்தப் பரிசோதனையில், கொல்லும் பணியில் இருந்த அரசு ஊழியர்கள் 293 பேரில் 3 சதவீதத்தினரிடம் ஆன்டிபாடி தென்பட்டது. கோழித் தொழிலாளர்கள் சுமார் 1,500 பேரில் அது ஏறத்தாழ 10 சதவீதம். தொழிலாளர்களில் பலருக்கு வைரஸ் வந்து, படுக்கையில் விழாமலேயே போயிருக்கிறது.

கடைசி நோயாளிக்கு அறிகுறி தொடங்கிய நாள் டிசம்பர் 28. அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. அந்த 1997 வகை வைரஸை அப்புறம் எங்கும் யாரும் காணவில்லை. ஒரு பெருந்தொற்று தடுக்கப்பட்டது என்று பலர் சொல்கிறார்கள். நடக்காத ஒன்றை நிரூபிக்க வழியில்லை. ஆனால் கோழிகள் போனதும் நோயாளிகள் வருவதும் நின்றது என்பது கண்முன் நடந்தது.

பிப்ரவரி 1998: மீண்டும் திறப்பு

ஜனவரி 28 அன்று வந்த புத்தாண்டு புதுக்கோழி இல்லாமல் போனது. பிப்ரவரி 7 அன்று இறக்குமதி திரும்பத் தொடங்கியது, ஆனால் பழைய முறையில் இல்லை. ஏற்றுமதிப் பண்ணைகளில் முன்கூட்டித் தனிமைப்படுத்தினார்கள், எல்லையில் லாரிக்கு லாரி இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். கழுவ முடியாத மரக்கூண்டுகள் போய் பிளாஸ்டிக் கூண்டுகள் வந்தன. வாத்தும் கூஸ் வாத்தும் சில்லறைச் சந்தைக்கு உயிரோடு வரவே கூடாது, தனி இடத்தில் அறுத்துக் குளிரூட்டித்தான் வரவேண்டும் என்று விதித்தார்கள்.

வாத்தைப் பிரித்தது சரியான அடி. நோய்க்குறி காட்டாமல் ஃப்ளூ வைரஸைச் சுமப்பவை நீர்ப்பறவைகள். 1997 வைரஸின் மேற்பரப்புக்கு உரிய எச்5 மரபணுத் துண்டும் 1996இல் குவாங்டாங்கில் ஒரு கூஸ் வாத்திடம் கண்ட வைரஸிலிருந்து வந்ததுதான். ஆனால் வைரஸின் உட்பகுதிக்கு உரிய மரபணுத் துண்டுகளுக்கு மிக நெருக்கமான உறவு, காடையிடம் கண்ட எச்9என்2. காடையோ பழையபடி கோழிக்குப் பக்கத்துக் கூண்டிலேயே இருந்தது.

2001 முதல் 2008 வரை

மே 2001இல் சந்தைகளில் மறுபடி கோழிகள் செத்தன. மீண்டும் எச்5என்1, வேறு மரபணுக் கலவையில். மனிதருக்கு வரவில்லை. பறவைகளை மறுபடி பத்து லட்சத்துக்கு மேல் கொன்றார்கள். எல்லையில் சோதனை இருந்தது, பிளாஸ்டிக் கூண்டு இருந்தது, தினமும் கழுவினார்கள். பிறகும் ஏன்?

சந்தை அப்போதும் காலியாகவில்லை என்பதே பதில். வைரஸுக்கு வேண்டியது அடுத்த பறவை. தரையை எத்தனை முறை கழுவினாலும், நேற்றைய பறவை இன்றைய பறவைக்குக் கொடுக்கிறது, இன்றையது நாளையதற்கு. சோப்பு இந்த வைரஸின் கொழுப்பு உறையைச் சுலபமாக உடைத்துவிடும். ஆனால் கூண்டில் பறவையை வைத்துக்கொண்டு கழுவுகிறவர், மீதி எச்சத்தை ஈரத்தோடு பரப்புகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூலை 2001 முதல் மாதத்தில் ஒரு நாள் எல்லாச் சில்லறைக் கடைகளும் ஒரே நேரத்தில் பறவையே இல்லாமல் இருக்க வேண்டும் என்றார்கள். அன்று கழுவி, கிருமிநாசினி தெளித்து, காயவிட்டு, மறுநாள் புதுச் சரக்கு. 2002இல் காடையை உயிரோடு விற்பதை நிறுத்தினார்கள். 2003இல் ஓய்வு நாள் மாதம் இரண்டானது, பண்ணைக் கோழிகளுக்குத் தடுப்பூசியும் கட்டாயமாக வந்தது. ஜூன் 2008இல் ஷாம் ஷுய் போ பகுதியின் ஒரு சந்தையில் எச்5என்1 மறுபடி தலைகாட்டியதும், ஜூலை முதல் கடையில் இரவு எந்தப் பறவையும் உயிரோடு தங்கக்கூடாது என்று விதி வந்தது. இரவு 8 மணிக்குள் மிஞ்சியதை அறுத்துவிட வேண்டும். காலை 5 மணிவரை கடை வெறுமையாக இருக்க வேண்டும்.

எச்5என்1 அபூர்வமாகத்தான் வரும் என்பதால், விதிகள் வேலை செய்கின்றனவா என்று அறிய எச்9என்2 எவ்வளவு கிடைக்கிறது என்று எண்ணினார்கள். 12 ஆண்டு மாதிரிகளைக் கணக்கிட்டதில், இரவு தங்கும் தடைக்குப் பிறகு கோழிகளில் அது கிடைக்கும் விகிதம் 84 சதவீதம் குறைந்திருந்தது. புது எந்திரம் எதுவும் இல்லாமல், கூண்டைச் சில மணி நேரம் சும்மா வைத்ததில் கிடைத்த பலன் இது.

மாற்றிச் செய்திருக்கலாம் என்று தோன்றுபவை

கோழிச் சாவு மார்ச்சில், சிறுவனின் மரணம் மே மாதத்தில். இரண்டும் ஒரே வைரஸ் என்று தெரிய ஆகஸ்ட் ஆனது. எச்5 பரிசோதனைப் பொருள் மனித மருத்துவ ஆய்வகத்தில் முன்பே இருந்திருந்தால் அந்த மூன்று மாதம் மிச்சம். ஆனால் பறவை வைரஸ் நேராக மனிதருக்கு வராது என்று பெரும்பாலோர் நம்பியிருந்தபோது அதை வாங்கி வைக்கவில்லை என்று அந்த ஆய்வகத்தைக் குறைசொல்வது நியாயமில்லை.

ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் நடுவில் கிடைத்த இரண்டரை மாதம் அப்படியில்லை. தேடல் பெரும்பாலும் மனிதர்களைச் சுற்றி நடந்தது. ஒரு பிள்ளைக்குக் கோழியின் வைரஸ் வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு முதலில் போயிருக்க வேண்டிய இடம் சந்தைக் கூண்டு. நோயாளி இல்லாத மாதங்களை ஆபத்தில்லாத மாதங்களாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

1998இல் வாத்தைப் பிரித்தபோதே காடையையும் பிரித்திருக்கலாம். 2001 இழப்பு முழுதாகத் தவிர்ந்திருக்குமா என்பது வேறு. ஆனால் காடை வைரஸுக்கும் 1997 வைரஸுக்கும் உள்ள உறவு 1999இலேயே ஆய்விதழில் வெளியாகியிருந்தது. நடவடிக்கைக்கு 2002 வரை ஆனது.

கொல்லும் வேலைக்கு முன்கூட்டி ஒத்திகை பார்த்த ஆட்களும், பையை அள்ளும் வண்டிக்கணக்கும், கையுறையும் முகக்கவசமும் தயாராக இருந்திருக்க வேண்டும். தொற்று மனிதருக்கு வந்துவிடக்கூடாது என்று செய்த வேலையிலேயே சிலருக்குத் தொற்றியது.

மக்களுக்குச் சொன்னதும் மெல்ல மாறியது. கோழியைத் தொடாதீர்கள், எச்சத்தைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்பதோடு, வால்பக்கத்தை ஊதிப் பார்க்காதீர்கள் என்றும் ஹாங்காங் சுகாதாரத் துறை தன் அறிவுரையில் எழுதியது. உயிர்க்கோழி விற்பனையை அங்கே இன்னும் முழுதாக ஒழிக்கவில்லை. உரிமத்தை ஒப்படைத்த கடைக்காரர்களுக்குப் பணம் கொடுத்துக் கடைகளைக் குறைத்தார்கள். மீதி இருக்கும் கடைகளில் எட்டு மணிக்கு மேல் கூண்டுகள் காலி.